சாமி மேடைக்குப் போன புத்தகங்கள்

சரஸ்வதி பூசைக்கு முந்தின வாரத்தில் கல்மலைத் தோட்டத்து நூலகத்தில் கால் வைக்க இடமிருக்காது. வருடம் முழுக்க அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்கள்கூட அந்த ஒரு வாரம் வேலை முடிந்த கையோடு வந்து நிற்பார்கள். செருப்பை வாசலிலேயே கழற்றிவிடுவார்கள். “செருப்போட வரலாம், இது கோயில் இல்ல” என்று நூலக உதவியாளர் சந்திரமதி சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார். அவர்கள் கேட்கவா போகிறார்கள்? வாங்கப்போவது சாமிக்கு.

அந்த வருடமும் முதல் ஆளாக வந்தவர் வேலு. எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். நாற்பதைத் தாண்டிய தனிக்கட்டை.

“அக்கா, ஒரு புத்தகம் குடுங்க.”

“என்ன புத்தகம் வேணும் வேலு?”

“நல்லா தடியா இருக்கணும். போன வருஷம் குடுத்தீங்க பாருங்க, ஒரு ஒல்லிப் புத்தகம். பேன் காத்துக்குப் படபடன்னு அடிச்சி விளக்கையே அணைச்சிருச்சி.”

“என்ன கதைன்னு பார்க்க வேணாமா?”

“நானா படிக்கப் போறேன்? கோழி படம், துப்பாக்கி படம் இல்லாம பாத்துக் குடுங்க. சாமிகிட்ட வெக்கிறது.”

சந்திரமதி தமிழ் ரேக்கின் அடித்தட்டிலிருந்து ஒரு பெரிய நாவலை எடுத்தார். அட்டை பிய்ந்துபோய், பச்சைத் துணி போட்டு மறுபடியும் கட்டப்பட்ட புத்தகம். படமும் இல்லை, பெயரும் இல்லை. முதுகில் ஓர் எண் மட்டும். வேலு அதைக் கையில் வாங்கி, செங்கல்லை எடை பார்ப்பதுபோலத் தூக்கிப் பார்த்தார்.

“இது நிக்கும்” என்றார்.

தோட்டத்து வீடுகளில் அன்றைக்குச் சாமி மேடைக்கு முன்னால் எல்லாம் வந்து சேரும். குலை வெட்டும் கத்தி, லோரிச் சாவி, ஆலைக்குப் போட்டுப்போகும் தலைக்கவசம், தையல் மெஷினின் கத்தரி, கைப்பேசி. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், ஒரு பூ. ஆனால் சரஸ்வதிக்குப் புத்தகம் இல்லாமல் எப்படி? பிள்ளைகள் படித்து முடித்து ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்ட வீடுகளில் பேருக்குக்கூட ஒரு புத்தகம் கிடையாது. நாள்காட்டியை வைத்துப் பார்த்தார்கள். மனது ஒப்பவில்லை. அப்புறம்தான் யாருக்கோ நூலகம் ஞாபகத்துக்கு வந்தது. ஒருத்தர் செய்ததைப் பார்த்து அடுத்தவர் செய்ய, சில வருடங்களில் அதுவே தோட்டத்து வழக்கமாகிப்போனது.

சந்திரமதி அந்தக் கூட்டத்தை எப்போதும் பாதிச் சிரிப்போடும் பாதிச் சங்கடத்தோடும்தான் பார்த்துக்கொண்டிருப்பார். பூசை முடிந்ததும் எல்லாப் புத்தகமும் ஒரே மூட்டையாகத் திரும்பி வரும். அட்டையில் வெள்ளையாக இருக்கும் ஒரே இடம் பார்கோடு ஒட்டிய இடம் என்பதால், வீடு தவறாமல் சந்தனப் பொட்டு அங்கேதான் விழுந்திருக்கும். கருவியைக் காட்டினால் சத்தமே வராது. ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைக்க வேண்டும்.

*

சந்திரமதி பிறந்தது அதே தோட்டத்தில்தான். அப்பா களைக்கொல்லி அடிக்கும் வேலை, அம்மா நாற்றுப் பண்ணையில். பள்ளிப் படிப்பு முடிந்ததும் யோங் பெங்கில் ஒரு மின்சாதனத் தொழிற்சாலைக்குப் போனார். கம்பெனி பஸ் விடியும் முன்னால் வந்து அள்ளிக்கொண்டு போகும், பொழுது சாய்ந்து இறக்கிவிடும். காளிதாஸைக் கட்டிக்கொண்ட பிறகும் சில வருடங்கள் அந்த வேலை ஓடியது. பஸ்ஸில் போகும்போது மடியில் ஒரு புத்தகம் இருக்கும். பக்கத்து இருக்கைக்காரிகள் தூங்குவார்கள், இவர் படிப்பார்.

அந்தப் புத்தகங்கள் வேனில் வந்தவை. அப்போது தோட்டத்தில் நூலகம் கிடையாது. ஆள் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டு களத்தில் நடமாடும் நூலக வேன் வந்து நிற்கும். மழை பெய்தால் களம் சேறாகிவிடும், வேன் வராது. வெயில் அடித்தால் வரும், ஆனால் வரும் நேரத்தில் தோட்டமே வேலைக்காட்டில் இருக்கும். சின்னப் பிள்ளைகளும் பிள்ளை பெற்று வீட்டில் இருப்பவர்களும்தான் வேன் படியேறுவார்கள். சந்திரமதி வார ஓய்வு நாளை மாற்றிக் கேட்டு வாங்கியது அந்த வேனுக்காகத்தான் என்று காளிதாஸ் இன்றைக்கும் கேலி செய்வார்.

பிறகு தோட்டத்துக்கும் மலாய்க்காரர் கிராமமான கம்பத்துக்கும் நடுவில், பொது மண்டபத்தை ஒட்டி ஒரு கிராம நூலகம் கட்டினார்கள். இரண்டு அறை, நாலு கணினி, ஒரு நாள் வேலை செய்து மறுநாள் படுத்துக்கொள்ளும் ஏர்கோன். உள்ளூர் ஆள் வேண்டும், மலாய் நன்றாகத் தெரிய வேண்டும் என்றார்கள். சந்திரமதி மனுப் போட்டார். கிடைத்தது. தொழிற்சாலைச் சம்பளத்தைவிடக் குறைவு, அதுவும் வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்தம். காளிதாஸ் யோசித்துவிட்டு, “பஸ்ஸுல படிக்கிறத அங்க உக்காந்து படி” என்று மட்டும் சொன்னார். புத்தகம் அடுக்கும் பயிற்சிக்கு ஜொகூர் பாருவில் ஒரு வாரம் தங்கியதுதான் அவர் வீட்டை விட்டு வெளியே படுத்த முதல் தடவை.

பயிற்சியில் எண் வரிசைப்படி அடுக்கக் கற்றுக்கொடுத்தார்கள். சந்திரமதி அப்படித்தான் அடுக்கினார். தோட்டத்துக்காரர்கள் வந்து எண்ணையா கேட்டார்கள்? “பெரிய எழுத்துல இருக்கா?” என்றுதான் கேட்டார்கள். ஆகவே ஒவ்வொரு தட்டிலும் எண் வரிசை கலையாமல், பெரிய எழுத்துப் புத்தகங்களின் முதுகில் மட்டும் ஒரு சிவப்பு வட்டம் ஒட்டினார். மேற்பார்வைக்கு வந்த யாரும் அது என்னவென்று கேட்டதில்லை. கண்ணாடி மறந்து வந்தவர்கள் எல்லாரும் அதைத் தெரிந்து வைத்திருந்தார்கள்.

அவர் மேசைக்குப் பின்னால் இருக்கும் சுவரை வந்தவர்கள் பார்க்காமல் போக முடியாது. அந்த நாலு கணினியில் விண்ணப்பம் நிரப்பி, அந்த மேசையில் உட்கார்ந்து படித்து, பல்கலைக்கழகம் போன பிள்ளைகளின் பட்டமளிப்புப் படங்கள். கறுப்பு அங்கியும் தொப்பியுமாக நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறார்கள். பக்கத்தில் அப்பா அம்மாக்கள் கேமராவைப் பார்க்காமல் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கம்பத்துப் பிள்ளைகளும் உண்டு, தோட்டத்து லைன் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவர்களின் சுவர் அது. படத்தை அவர் யாரிடமும் கேட்டு வாங்கவில்லை. தாங்களாகவே சட்டம் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

மலாய், ஆங்கிலப் புத்தகங்கள் நூலகத்துக்கே சொந்தம். தமிழ்ப் புத்தகங்கள் அப்படியில்லை. அவை ஒரு பச்சைப் பிளாஸ்டிக் பெட்டியில் வட்டார நூலகத்திலிருந்து வரும். மூன்று மாதம் இருக்கும். அப்புறம் அந்தப் பெட்டி போய் வேறொரு பெட்டி வரும். சந்திரமதிக்கு அந்தப் பெட்டி திறக்கும் நாள் தீபாவளி மாதிரி. தமிழ் ரேக் என்று தோட்டத்தில் சொல்வது அந்தப் பெட்டியைத்தான்.

அந்தப் பெட்டிக்குத்தான் அந்த வருடம் ஆகஸ்டு மாதம் ஆபத்து வந்தது.

*

வட்டார நூலகத்தின் அதிகாரி தர்மினி தொலைபேசியில் கூப்பிட்டார். மூவார்க்காரர். தாத்தா காலத்திலிருந்து அரசாங்க உத்தியோகம் பார்த்த யாழ்ப்பாணக் குடும்பம். வயதில் சந்திரமதியைவிட மிகவும் இளையவர். வேலையில் கறார், பேச்சில் மரியாதை.

“சந்திரா அக்கா, ஒரு விஷயம். சிம்பாங் ரெங்கம் பக்கம் புதுசா வீடு கட்டிக் குடியேறின ஒரு தாமான்ல தமிழ்ப் பெட்டி கேக்கிறாங்க. இந்தச் சுற்றுக்கு இருக்கிறது ஒரு பெட்டிதான். உங்க இடத்துல எடுக்கிறவங்க கொஞ்சமா இருக்காங்கன்னு மேல சொல்றாங்க.”

“எடுக்கிறாங்க மேடம். வேலை, ஓவர்டைம்னு…”

“தெரியும் அக்கா. நான் அக்டோபர்ல நேர்ல வர்றேன். பாத்துட்டுத்தான் முடிவு பண்ணுவேன்.”

அன்றிலிருந்து சந்திரமதி பார்ப்பவர்களிடம் எல்லாம் புத்தகம் எடுக்கச் சொன்னார். “பாக்கலாம்லா” என்றார்கள். “லீவு வரட்டும்” என்றார்கள். மின்சாதனத் தொழிற்சாலைக்குப் போகும் ஷாமளா மட்டும், “அக்கா, நான் வீட்டுக்கு வந்தா கண்ணே தொறக்காது. புத்தகத்த எடுத்துட்டுப் போயி தலையணையா வெச்சிக்கவா?” என்று நேர்மையாகக் கேட்டார்.

தர்மினி வருவதாகப் பின்னால் குறித்துச் சொன்ன நாள் எது என்று சந்திரமதி அப்புறம்தான் நாள்காட்டியில் பார்த்தார். சரியாகச் சரஸ்வதி பூசை.

*

தர்மினி வந்தபோது மத்தியானம். வெளியே குலை ஏற்றிய லோரிகள் ஆலைப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. உள்ளே தமிழ் ரேக்கில் நாலைந்து புத்தகங்கள் சாய்ந்து கிடந்தன. கோழிக் குழம்புச் சமையல் புத்தகம் ஒன்று, அட்டையில் ரத்தம் சொட்டும் கத்தியோடு ஒரு மர்ம நாவல், அந்த மாதிரி. மீதி ரேக் வெறுந்தட்டு.

“அலாமாக்” என்றார் தர்மினி. “எல்லாம் போயிருச்சா?”

“பசியாறிட்டீங்களா மேடம்? கோப்பி ஓ போடவா?”

“போடுங்க அக்கா.” தர்மினி வெறுந்தட்டைக் கையால் தடவிப் பார்த்தார். “நேத்து சிஸ்டத்துல பாத்தேன். அக்டோபர் வந்தா உங்க இரவல் கணக்குக் கோடு நேரா மேல ஏறுது. போன வருஷமும் அப்படித்தான், அதுக்கு முந்தின வருஷமும். நான் நம்பல. இப்ப கண்ணால பாக்கிறேன். இத வெச்சே எழுதிருவேன், வருஷக் கடைசியில இங்க வாசிப்பு கூடுதுன்னு. உங்க பெட்டியில யாரும் கை வைக்க முடியாது.”

ஆகஸ்டிலிருந்து சந்திரமதி கேட்கத் தவித்த வார்த்தை அதுதான். பால் இல்லாத அந்தக் கோப்பியைக் கலக்கிய கரண்டி கோப்பைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது.

“அப்போ அந்தத் தாமான்?” என்று கேட்டார்.

“அவங்க காத்திருக்கணும். பாவம்தான். அங்க ஒரு டீச்சர் சனிக்கிழமை பிள்ளைங்கள உக்கார வெச்சி வாசிக்க வெக்கிறாங்க. புத்தகம் பத்தாம ஒரே புத்தகத்துக்கு நாலு தலை முட்டிக்கிட்டு நிக்குது. என்ன பண்றது? நம்பர் உங்க பக்கம் இருக்கு.”

நாலு தலை ஒரு புத்தகத்துக்கு. சந்திரமதி அந்தத் தலைகளை மனதில் பார்த்துவிட்டார். இங்கேயோ அந்த நேரத்தில் வீட்டுக்கு ஒரு புத்தகம், ஊதுவத்திப் புகையில், மூடியபடியே நின்றுகொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். யாரும் கேட்கப்போவதில்லை.

கோப்பியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

“மேடம், இன்னைக்கு என்ன நாளு?”

“இன்னைக்கா? வியாழக்கிழமை… சரஸ்வதி பூஜை.” தர்மினியின் கை கோப்பையைத் தொட்டபடி நின்றுவிட்டது. வெறுந்தட்டைத் திரும்பிப் பார்த்தார். “ஐயோ அக்கா. இல்லைன்னு சொல்லுங்க.”

“எல்லாம் சாமி மேடையில இருக்கு மேடம். யாரும் படிக்கல. படிக்கவும் மாட்டாங்க. இன்னைக்குப் புத்தகத்தத் தொடக்கூடாதில்ல?”

தர்மினி தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார்.

“மூவார்ல எங்க வீட்டுல நான் முதல்ல கணக்குப் புத்தகத்தத்தான் கொண்டுபோய் வெப்பேன். அம்மா நெனைப்பாங்க, பிள்ளைக்கு என்ன பக்தின்னு.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இத ஏன் எங்கிட்ட சொன்னீங்க? நான்தான் எழுதிடறேன்னு சொன்னேனே.”

“அந்தப் பிள்ளைங்க நெசமா படிக்குதுங்க மேடம்.”

தர்மினி கோப்பியை மெதுவாகக் குடித்து முடித்தார். எழுந்தபோது சிரிப்பு போயிருந்தது, கறார் வந்திருந்தது.

“அக்கா, பூஜைக்கு எடுத்தத என்னால சேர்க்க முடியாது. ஆனா பூஜை முடிஞ்ச பிறகு அதே ஆளு அதே புத்தகத்த நீட்டிச்சி எடுத்தா, அத சேர்ப்பேன். பெட்டி மாத்த வேன் வர ரெண்டு வாரம் இருக்கு. அதுக்குள்ள எத்தனை பேரு நீட்டிக்கிறாங்கன்னு பாக்கிறேன். ஓரளவுக்கு இருந்தா பெட்டியப் பிரிச்சிப் பாதி இங்க, பாதி அங்க. ஒண்ணுமே இல்லன்னா முழுசும் போயிரும். சரியா?”

“சரி மேடம்.”

சாயங்காலம் காளிதாஸ் ஆலைக் காவல் வேலைக்குக் கிளம்பும் முன் நடந்ததைக் கேட்டார். வாசலில் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டே, “நீ சும்மா இருந்திருந்தா பெட்டி தப்பிச்சிருக்கும்” என்றார்.

“ஆமா.”

“இப்ப இந்த ஊரு ஆளுங்க நீட்டிக்கப் போறாங்களாக்கும்.”

“தெரியல.”

“தெரியலன்னு சொல்றதுக்கு ஒரு தைரியம் வேணும்லா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அது பாராட்டா கேலியா என்று சந்திரமதிக்குப் பிடிபடவில்லை.

*

மறுநாள் விஜயதசமி. நூலகத்தைத் திறந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம் வேலுவின் மோட்டார் வந்து நின்றது. பின்னால் ஓர் அரிசிச் சாக்கு. வருடா வருடம் இப்படித்தான். லைன் வீடுகள் முழுக்கப் புத்தகங்களைச் சேகரித்துக் கொண்டுவந்து கொட்டுவது அவர் பொறுப்பு.

“இந்தாங்கக்கா, உங்க சொத்து. எண்ணிக்குங்க.”

சாக்கைச் சாய்த்ததும் புத்தகங்களோடு பொரியும் கொஞ்சம் உதிர்ந்தது. சந்திரமதி மேலே இருந்த ஒன்றைத் திறந்தார். நடுவில் ஒரு சாமந்திப் பூ நசுங்கிக் கிடந்தது. இன்னொன்றைத் திறந்தார். அதிலும் பூ. எல்லா வீட்டிலும் மேடையில் வைக்கும்போது புத்தகத்தைக் கொஞ்சம் திறந்து ஒரு பூவைச் சொருகி மூடுவார்கள். மற்ற வருடங்களில் அவர் அந்தப் பூக்களை உதறிக் குப்பையில் போட்டுவிடுவார். காகிதத்தில் கறை பிடிக்கும்.

“வேலு, புனர்பூசை முடிச்சிட்டுத்தானே மேடையிலேர்ந்து எடுத்தீங்க?”

“கற்பூரம் காட்டித்தான் எடுத்தேன்.”

“புத்தகத்தத் தொறந்து ஒரு பக்கம் படிச்சீங்களா? படிச்சிட்டுத்தானே எடுக்கணும்?”

“அதெல்லாம் சாமி படிச்சிக்கும்.”

“சாமி அதோட பங்கப் படிச்சிருச்சி. உங்க பங்கு?” பச்சைத் துணிப் புத்தகத்தைச் சாக்கிலிருந்து தேடி எடுத்து, பூ இருந்த பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தார். “இதுதான் உங்களது. பூ விழுந்த பக்கம். படிங்க.”

“இப்பவா? அங்க லோரி எனக்காக நிக்குது அக்கா.”

“ஒரு பக்கம்தான்.”

வேலு சுற்றும்முற்றும் பார்த்தார். கணினியில் இருந்த கம்பத்துப் பையன்கள் தங்கள் பாட்டுக்கு இருந்தார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல விரலை வரியில் வைத்து ஆரம்பித்தார். முதல் இரண்டு வரி தடுக்கித் தடுக்கி வந்தது. அப்புறம் குரல் கொஞ்சம் தாழ்ந்தது.

“‘தோப்பில் ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. கயிறு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அவன் திரும்பி நடக்கத் தொடங்கினான். அப்போது கிணற்றுக்குள்ளிருந்து ஒரு குரல் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது.’” வேலு பக்கத்தைத் திருப்பப் போனார். பூ விழுந்த ஒரு பக்கம்தானே என்று ஞாபகம் வந்து நிறுத்தினார். “யாரு கூப்பிட்டது?”

“எனக்குத் தெரியாது. நான் இத இன்னும் படிக்கல.”

“கயிறு யாரு கட்டுனது?”

“முன்னாடி படிச்சாத்தான் தெரியும்.”

வேலு புத்தகத்தை மூடினார். மறுபடியும் எடை பார்ப்பதுபோலத் தூக்கினார். “எத்தன நாளு வெச்சிக்கலாம்?”

“நீட்டிச்சா ரெண்டு வாரம்.”

சந்திரமதி ஈரத்துணியால் பார்கோடு மேலிருந்த சந்தனத்தைத் துடைத்துக் கருவியைக் காட்டினார். சத்தம் வந்தது. அந்தச் சின்னச் சத்தம் அவருக்கு என்னவோ செய்தது. பெட்டிக்கு வந்திருக்கும் ஆபத்தை வேலுவிடம் மறைக்காமல் சொன்னார்.

“இவ்ளோதானா? இருங்க, லைன் முழுக்கச் சொல்லி எல்லாரையும் நீட்டிக்க வெக்கிறேன். வராதவன் வெட்டுன குலைய நான் ஏத்த மாட்டேன்.”

“வேணாம் வேலு. படிக்காம எடுத்தா அதுவும் பூசைக் கணக்குத்தான். பெட்டியப் பத்தி யார்கிட்டயும் சொல்லாதீங்க. இந்தச் சாக்க மட்டும் திருப்பிக் கொண்டுபோங்க. அவங்கவங்க புத்தகத்த அவங்கவங்களே கொண்டுவரட்டும். பூ விழுந்த பக்கத்தப் படிச்சிட்டு வரட்டும். அப்புறம் குடுக்கிறதும் வெச்சிக்கிறதும் அவங்க இஷ்டம்.”

“நான் தூக்கிட்டு வந்தத நானே தூக்கிட்டுப் போறதா? நல்ல வேலை.” முணுமுணுத்தாலும் சாக்கைக் கட்டினார். பச்சைப் புத்தகத்தை மட்டும் தனியாக மோட்டார் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

*

அன்று பொழுது சாயும் நேரத்திலிருந்து ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். சிலருக்குக் கோபம். “எப்பவும் வேலுதானே கொண்டாருவாரு, இந்த வருஷம் என்ன புதுச் சட்டம்?” என்று மேசையில் புத்தகத்தைப் போட்டுவிட்டுப் போனார்கள். சிலர் படித்ததாகச் சொன்னார்கள், முகத்தைப் பார்த்தால் படித்த மாதிரி தெரியவில்லை. சந்திரமதி ஒன்றும் கேட்கவில்லை. கொடுத்ததை வாங்கினார், நீட்டிக்கக் கேட்டவர்களுக்கு நீட்டித்தார். ஒருத்தர், தன் பக்கத்தில் வெறும் முன்னுரைதான் இருந்தது, அதுவும் யாருக்கோ நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்கள், வேறு பக்கம் படித்தால் செல்லுமா என்று கேட்டார். செல்லும் என்று சொன்னார்.

ஷாமளா வேலை உடுப்போடு வந்தார். அவருடையது வீட்டுத் தோட்டம் போடுவது பற்றிய புத்தகம்.

“அக்கா, பூ எந்தப் பக்கத்துல விழுந்துச்சி தெரியுமா? கத்திரிக்காயில பூச்சி. எங்க வீட்டுக் கத்திரி நாலு செடியும் அப்படித்தான் ஓட்டை ஓட்டையா கெடக்கு. வேப்பெண்ணெய் அடிக்கச் சொல்லுது.”

“அப்போ நீட்டிக்கவா?”

“எதுக்கு? படம் புடிச்சிட்டேன்.” கைப்பேசியைக் காட்டினார். அந்தப் பக்கம் முழுசாக இருந்தது. “எனக்கு இது போதும்” என்று புத்தகத்தை வைத்துவிட்டுப் போனார்.

சந்திரமதி அதைத் திரும்பி வந்ததாகப் பதிந்தார். கணினிக்கு அது படிக்காத புத்தகம்தான். அடுத்த நாள் தர்மினி வேறு வேலையாகக் கூப்பிட்டபோது இதைச் சொன்னார்.

“இத எதுல சேர்க்கிறது மேடம்?”

“சேர்க்கிறதுக்கு இடமில்ல அக்கா. ஆனா ஞாபகம் வெச்சிக்கிறேன்.”

நாள்கள் போயின. நீட்டிக்க வந்தவர்கள் நிறையப் பேர் என்று சொல்ல முடியாது. திருப்பிக் கொடுத்தவர்களே அதிகம். கொடுத்தவர்களில் சிலர் மட்டும், போகிற போக்கில் ரேக்கின் முன்னால் நின்று, சிவப்பு வட்டம் ஒட்டிய ஒன்றிரண்டைப் புரட்டிவிட்டுப் போனார்கள். சந்திரமதி அந்தப் பக்கம் பார்க்காததுபோல உட்கார்ந்திருந்தார். பார்த்தால் போய்விடுவார்கள்.

*

வேன் வந்த காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் பின்கதவைத் திறப்பதை வாசலில் நின்றபடி பார்த்தார் சந்திரமதி. பச்சைப் பெட்டி இறங்கியது. தூக்குகிறவரின் முதுகு வளையவில்லை. பாதிப் பெட்டி. கூடவே தர்மினியும் குடையோடு இறங்கினார்.

“பாதிதான் அக்கா. மீதிப் பாதி இப்ப நேரா சிம்பாங் ரெங்கம் போகுது. மூணு மாசம் கழிச்சி ரெண்டையும் மாத்திக்கலாம். இனிமே அப்படித்தான் சுத்தும்.”

“போதும் மேடம்.”

“பழைய பெட்டியக் குடுங்க, ஏத்திரலாம்.”

சந்திரமதி பழைய பெட்டியைத் திறந்து காட்டினார். திரும்பி வந்த புத்தகங்கள் துடைத்து, பூ உதறி, எண் வரிசைப்படி அடுக்கி இருந்தன. ஆனால் பெட்டி நிறையவில்லை.

“மீதி?”

“வீட்டுல இருக்கு. கேட்டேன். இன்னும் முடியலன்னு சொல்றாங்க.”

தர்மினி பெட்டியைப் பார்த்தார், சந்திரமதியைப் பார்த்தார். “இத நான் எப்படிக் கணக்குல எழுதறது?” என்றார். குரலில் குறை ஒன்றும் இல்லை.

அந்த நேரத்தில்தான் வேலுவின் லோரி சேறு தெறிக்க வந்து வேனுக்குப் பின்னால் நின்றது. குலைகளின் பாரத்தில் டயர் அமுங்கியிருந்தது. வேலு இறங்கி ஓடிவந்தார். செருப்பைக் கழற்றவில்லை. கையில் பச்சைத் துணிப் புத்தகம், மழை படாமல் சட்டைக்குள் பாதி.

“அக்கா, முடிச்சிட்டேன். கடைசிப் பக்கத்துல என்னா போட்டிருக்கான் பாருங்க. ரெண்டாம் பாகத்துல தொடரும்னு. அது எங்க?”

சந்திரமதி கணினியில் தேடினார். தர்மினியும் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். இரண்டாம் பாகம் இருந்தது. வெளியே வேனில், சிம்பாங் ரெங்கம் போகும் பாதிப் பெட்டிக்குள்.

“அது அங்க போகணும் அக்கா, அவங்க பேருல பதிஞ்சாச்சி” என்றார் தர்மினி. “நீங்க இங்கேர்ந்து முன்பதிவு போடுங்க. முன்பதிவுப் புத்தகம் கொண்டார்ற அடுத்த வேன்ல வந்துரும்.”

கல்மலைத் தோட்டத்திலிருந்து ஒரு தமிழ்ப் புத்தகத்துக்கு முன்பதிவு போவது அதுதான் முதல் தடவை. சந்திரமதி வேலுவின் பெயரைத் தட்டும்போது ஓர் எழுத்தைத் தப்பாக அடித்து, அழித்து, மறுபடி அடித்தார்.

“எப்ப வரும்?” என்றார் வேலு.

“ரெண்டு வாரம் ஆகும்.”

“ரெண்டு வாரமா?” வேலு வேனைப் பார்த்தார், மூடிய அதன் கதவைப் பார்த்தார். “அந்த ஆளு இன்னும் கெணத்துக்குள்ளதான் கெடக்கிறான், அக்கா.”